வஸ்தி அண்ணரின் இரண்டு பற்கள்

"மாஎஸ்த்ரோ, வாசித்துக்கொண்டு போகும்போது திடீரென்று நிறுத்துகிறீர்களே, அந்த நேரத்தில் எதைப் பற்றி யோசிப்பீர்கள்?"

பலெர்மோவில் உள்ள ஓர் இசைப் பள்ளியில், ஒரு மாணவன் வஸ்தி அண்ணரிடம் இத்தாலிய மொழியில் கேட்ட கேள்வி இது. வஸ்தி அண்ணர் ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு, "என் பற்களைப் பற்றி" என்றார். மண்டபம் முழுவதும் சிரித்தது. நல்ல பகிடி என்று எல்லோரும் நினைத்தார்கள். அவருடைய மனைவி பிலோமினா அக்காவும், தமிழ்ப் பள்ளி ரீச்சரான நானும் கடைசி வரிசையில் இருந்தோம். அது பகிடி இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, பூசைக்குப் போவதற்காக ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்றேன். பிலோமினா அக்காவின் அழைப்பு வந்தது.

"ரீச்சர், இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்."

"என்னக்கா சொல்லுறியள்? எப்ப?"

"விடியப்புறம். நித்திரையிலை. நான் தேத்தண்ணியோடை போறன், ஆள் எழும்பேல்லை."

போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். என் பஸ் வந்து, கதவைத் திறந்து மூடிவிட்டுப் போனது.

வஸ்தியாம்பிள்ளை என்ற அவருடைய முழுப்பெயர் இங்கே பலருக்குத் தெரியாது. தமிழருக்கு அவர் வஸ்தி அண்ணர், இத்தாலியருக்கு வாஸ்தி. மன்னார்க் கரையோரக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் பாண்ட் குழுவில் ட்ரம்பெட் பழகியவர். திருநாளுக்கும் ஊதினார், சவ அடக்கத்துக்கும் ஊதினார். பலெர்மோவுக்கு முதலில் வந்த எங்கள் ஆட்களில் ஒருவர். பகலில் வீட்டு வேலை, பொழுதுபட்டால் ஜாஸ். இந்த நகரத்தின் ஜாஸ் மேடையில் ஏறிய முதல் தமிழர் அவர்தான். உங்களில் பலர் அவரைத் திருநாள் ஊர்வலத்தில் கண்டிருப்பீர்கள். மேடையில் கேட்டவர்கள் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வந்த புதிதில், வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு விதவைச் சினியோராவின் வீட்டில் வேலை செய்தார். ட்ரம்பெட் பழக இடமில்லை. மேல் வீட்டார் முறையிடுவார்கள். அந்த வீட்டில் சினியோராவின் காலமான கணவருடைய குளிர்கால மேலங்கிகள் ஓர் அலுமாரி நிறையத் தொங்கின. வஸ்தி அண்ணர் அலுமாரியைத் திறந்து, ட்ரம்பெட்டின் வாயை மேலங்கிகளுக்குள் செருகி ஊதுவார். கம்பளி சத்தத்தைக் குடித்துவிடும். ஒரு நாள் சினியோரா உள்ளே வந்தபோது, அவர் தலையை அலுமாரிக்குள் விட்டபடி தோள் குலுங்க நின்றார். சினியோராவுக்குக் காது மந்தம். "ஊரை நினைத்து அழுகிறாயா?" என்று கேட்டு முதுகைத் தடவியிருக்கிறார். "அழேல்லைச் சினியோரா, பழகுறன் எண்டு சொல்ல ஆசைதான் ரீச்சர். ஆனா அவ அந்தப் பின்னேரம் என்னைப் பாத்திரம் கழுவ விடேல்லை. அதாலை பேசாமல் இருந்திட்டன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

வுச்சீரியாச் சந்தையின் சாராயக்கடை ஒன்றில் நீனோ என்ற டபுள் பேஸ் வாசிப்பவர் ஒரு சிறிய குழு வைத்திருந்தார். ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்த வாத்தியத்தை அணைத்துப் பிடித்துத் தந்தியை விரலால் சுண்டுவார். அவருடைய ட்ரம்பெட்காரர் வராத ஒரு மாலையில் வஸ்தி அண்ணர் உள்ளே போனார். அவர்களுடைய தாளத்துக்கு மேல், எங்கள் பங்கில் தவக்காலத்தில் பாடும் ஒப்பாரியை இழுத்து ஊதினார். நீனோ வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாராம்: "எங்கள் பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வல இசையை நீ எங்கே படித்தாய்?"

"உங்கடையில்லை, எங்கடை" என்று இவர் சொன்னார். இரண்டு ஊரிலும் செத்த மகனுக்காகத் தாய் அழுவதை ஒரே மாதிரித்தான் இழுத்திருக்கிறார்கள். அந்த இழுவையை ஜாஸுக்குள் கொண்டுவந்தவர் என்றுதான் இங்குள்ள இசைக்காரர்கள் அவரைச் சொல்வார்கள். இன்று பலெர்மோவில் ட்ரம்பெட் எடுக்கும் பலரிடம் அது கேட்கிறது.

எங்கள் ஆட்களுக்கு அது உடனே பிடிக்கவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது ஒரு பெரியவர் கேட்டார்:

"கோயிலிலை ஊதின வாயாலை சாராயக்கடையிலை ஊதலாமோ வஸ்தி?"

"என்ன செய்யிற அண்ணை? கோயிலுக்கு ஒண்டு, கடைக்கு ஒண்டெண்டு ஆண்டவர் இரண்டு வாய் தரேல்லையே."

கேட்டவரும் சிரித்துவிட்டார். ஆனால் கடைப்பக்கம் வரவில்லை.

பிறகுதான் அந்தப் பற்கள். மேல் வரிசையில் முன்பல் இரண்டும் ஆடத் தொடங்கின. பல் முரசு, அதாவது ஈறு, பழுதாகிவிட்டது, கழற்றத்தான் வேண்டும் என்று பல் வைத்தியர் சொன்னார். மற்றவர்களுக்கு இது சின்ன விஷயம். ட்ரம்பெட்காரருக்கு அப்படியில்லை. வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன். தவிலின் தோல் ஒரு மரக்கட்டையில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. மரம் உடைந்தால், தோல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சத்தம் வராது. ட்ரம்பெட் ஊதுபவருக்கு உதடுதான் தோல், முன்பல்தான் மரம்.

பற்களைக் கழற்றிக் கட்டுப்பல் வைத்தார்கள். நாலு வரி ஊதினால் கட்டுப்பல் கீழே இறங்கிவிடும். ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுத்து, தாடையை இடப்பக்கம் சரித்து, நாக்கால் அதை மேலே தள்ள வேண்டும். அதுவரை அவர் ஊதியது மழை கொட்டுவதுபோல் இருக்கும். எங்கே மூச்செடுக்கிறார் என்றே தெரியாது. இப்போது வீட்டில் ஒரு பாட்டை முடிக்க முடியவில்லை. ட்ரம்பெட்டைப் பிலோமினா அக்காவின் சேலைகளுக்குக் கீழே வைத்து அலுமாரியை மூடிவிட்டார். சில மாதங்கள் திறக்கவேயில்லை. கதைப்பதும் குறைந்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் மட்டும் வருவார். ஆளே முடிந்துவிடுவார் என்று அக்கா பயந்தார். நான் அவர்கள் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் இந்தப் பேச்சு நடந்தது.

"நீனோவிட்டைச் சொல்லிப்போட்டன், வேறை ஆளைப் பாக்கச் சொல்லி."

"அவன் என்ன சொன்னவன்?"

"சனிக்கிழமை நான் வராட்டி, வீட்டை வந்து மிச்சப் பல்லையும் கழட்டிக்கொண்டு போவானாம்."

"பிறகென்ன? இஞ்சேருங்கோ, போய் ஏலுமானதை ஊதுங்கோ. ஏலாட்டி நிப்பாட்டுங்கோ. ஆர் உங்களைத் தூக்கிலை போடப்போறாங்கள்?"

சனிக்கிழமை நானும் அக்காவும் போனோம். முதல் பாட்டின் நடுவில் அது நடந்தது. நாலு வரி போனது. வஸ்தி அண்ணர் ட்ரம்பெட்டைக் கீழே இறக்கினார். அக்கா என் கையைப் பிடித்து, "போச்சு ரீச்சர்" என்றார். மேடையில் நீனோவின் விரல்கள் மட்டும் நடந்தன. யாரோ கிளாஸை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. வெளியே ஒரு ஸ்கூட்டர் போனது. பிறகு வஸ்தி அண்ணர் ட்ரம்பெட்டைத் தூக்கி, ஒரே ஒரு சுரத்தை, மெதுவாக, நீனோவின் தந்திக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அந்தக் கடையில் இருந்த அத்தனை பேரும் அந்தச் சுரத்துக்காகக் காத்திருந்தோம் என்பது எனக்குத் தெரியும்.

முடிந்ததும் கைதட்டல் அடங்கவில்லை. இறங்கி வந்து எங்களிடம், "சனம் என்னத்துக்குக் கை தட்டுது? கட்டுப்பல்லுக்கோ?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அந்த இடைவெளியே அவருடைய பெயராகிவிட்டது. இளையவர்கள் அதைக் கேட்டுப் படித்தார்கள். ஒரு முறை ஜூலியா என்ற இளம் ட்ரம்பெட்காரி வாசிப்பதைக் கேட்க மூன்று பேரும் போனோம். முத்துப்போல முப்பத்திரண்டு பல்லும் உள்ள பிள்ளை. நாலு வரி ஊதினாள், நிறுத்தினாள், தாடையை இடப்பக்கம் சரித்தாள். அது ஏதோ மூச்சுப் பயிற்சி என்று நினைத்திருக்கிறாள். பிலோமினா அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வஸ்தி அண்ணரிடம் சொன்னார்:

"சொல்லிவிடுங்கோவன், அது பல்லெண்டு."

"விடும். பல்லை யோசிக்காட்டி, அந்த நேரத்திலை வேறை என்னவும் யோசிப்பாள்தானே."

பின்னர் ஒரு நல்ல வைத்தியர் எலும்பில் திருகாணி பூட்டி நிரந்தரப் பல் வைத்துவிட்டார். அது அசையவே அசையாது. வஸ்தி அண்ணர் இனிப் பழையபடி மழைபோல் ஊதுவார் என்று நீனோகூட எதிர்பார்த்தார். ஆனால் அவர் அந்த இடைவெளியைக் கைவிடவில்லை. இசைப் பள்ளியில் அந்த மாணவன் கேட்டது இந்தக் காலத்தில்தான். கூட்டம் முடிந்து வியா மக்வேதாவில் நடந்து வரும்போது நானும் கேட்டேன்.

"பல்லுத்தான் இப்ப அசையாதே அண்ணை. பிறகேன் பல்லெண்டு சொன்னனீங்கள்?"

அவர் முன்பல்லை விரலால் தட்டிக் காட்டினார்.

"பல்லு கல்லு மாதிரி நிக்குது ரீச்சர். ஆனா அண்டைக்கு, முதல் நாள், பல்லைத் தள்ளேக்கை பின்னாலை நீனோ வாசிக்கிறது எனக்குக் கேட்டது. எத்தினை வருசமா அவன் எனக்குப் பக்கத்திலை நிண்டு வாசிச்சிருக்கிறான். அண்டைக்குத்தான் கேட்டது."

"பிறகு?"

"பிறகென்ன? கேட்டாப் பிறகு கேக்காத மாதிரி ஊத ஏலுமே? அதுதான், பல்லைத் தள்ளுற அளவு நேரம் விடுறன். அது அவன்ரை முறை."

அடக்கப் பூசையில், நரைத்துப்போன நீனோ தன் வாத்தியத்தைப் பீடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். ஜூலியா தவக்கால ஒப்பாரியை ஊதினாள். அதை அவரிடம் கேட்டுக் கேட்டே பாடமாக்கியிருந்தாள். நாலாம் வரியில் நிறுத்தினாள். தாடை இடப்பக்கம் சரிந்தது. பிலோமினா அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் திரும்பினேன்.

"பாருங்கோ ரீச்சர், பிள்ளை பல்லுத் தள்ளுறாள்" என்றார், கண்ணீரோடு சிரித்துக்கொண்டு. கோயிலில் அப்போது நீனோவின் தந்தி மட்டும் கேட்டது. கோயில் வாசலில் கேள்வி கேட்ட அந்தப் பெரியவரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

வஸ்தி அண்ணரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது பல் தள்ளும் அந்த நேரத்தைத்தான். அதை வைத்திருக்க ட்ரம்பெட் வேண்டியதில்லை. இன்று வீட்டில் யாராவது உங்களிடம் ஏதாவது சொல்லி முடித்ததும், மேல் வரிசைப் பற்களை நாக்கால் ஒரு முறை தடவுங்கள். அதற்குப் பிறகு பதில் சொல்லுங்கள்.