தண்ணி யார் பார்த்தது?

பட்டறையில் எல்லோரும் அவரை ஆச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பிரேக் என்ன ஆயிற்று என்றால் "பாத்தாச்சு" என்பார். ஆயில் என்றால் "மாத்தியாச்சு". சாப்பிட்டீர்களா என்று கேட்டால்கூட "ஆச்சு" தான். முக்கால்வாசி நேரம் அது உண்மையாகவே இருக்கும். மிச்ச நேரத்தில், இனிமேல் செய்யப்போகிற வேலையைச் சொல்லிக்கொண்டிருப்பார். பொய் சொல்லும் ஆள் இல்லை. ஒரு வேலையை மனதில் ஏற்றிக்கொண்டாலே அது பாதி முடிந்துவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு, அவ்வளவுதான்.

ஊரில் யார் வண்டி நின்றாலும் ஆச்சுவைத்தான் தேடுவார்கள். ஆனால் அவருடைய சொந்த காரில் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஹீட்டர் வேலை செய்யவில்லை. காற்று என்னவோ புயல் மாதிரி வரும். வருவதெல்லாம் சில்லென்ற காற்று. மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். வேலை முடிந்து காரில் ஏறினாலே பல்லைக் கடித்துக்கொள்வார்.

"ஊரான் வண்டியில எல்லாம் வெயில் அடிக்குது. நம்ம வண்டியில மட்டும் பனி பெய்யுது."

"பாத்தாச்சு, பாத்தாச்சு" என்பார் ஆச்சு.

இன்றைக்கு அந்தப் பேச்சு எடுபடாது. மகளுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்து, இத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. இன்று பிற்பகல் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டார்: "வண்டியை முன்னாடியே நல்லா சூடு பண்ணி வைங்க. உள்ள கை வச்சுப் பாத்துட்டுத்தான் குழந்தையைக் குடுப்பேன்."

மருமகன் கப்பலில் இருக்கிறார். வாடகை வண்டி பிடிக்கலாம் என்று மனைவி காலையிலேயே சொல்லிப் பார்த்தார்.

"மெக்கானிக் பேத்தி வாடகை வண்டியிலயா வீட்டுக்கு வரணும்?" என்றார் ஆச்சு.

"பேத்திக்கு உங்க மானம் தெரியாது. குளிர்தான் தெரியும். மதியம் வருவேன். சூடு வரலன்னா நானே வண்டியைக் கூப்பிட்டுருவேன்."

பட்டறைக்கு வந்ததும் ஆச்சு மற்ற வண்டிகளை ஓரங்கட்டிவிட்டுத் தன் காரை உள்ளே விட்டார். ஊதும் விசிறி சரியாக இருந்தது. குமிழைத் திருப்பினால் உள்ளே இருக்கும் சின்னக் கதவு திறந்து மூடும் சத்தமும் கேட்டது. பானெட்டைத் தூக்கி, எஞ்சினிலிருந்து ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டார். ஒன்று கையைச் சுட்டது. இன்னொன்று செத்த பாம்பு மாதிரி சில்லென்று கிடந்தது. சுடுதண்ணீர் ஹீட்டர் வரைக்கும் வருகிறது, சுற்றித் திரும்பவில்லை. அப்படியென்றால் தண்ணீர் குறைந்து உள்ளே காற்று அடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் பெட்டியே அழுக்கில் அடைபட்டிருக்க வேண்டும். முதலாவது என்றால் சில்லறை வேலை. இரண்டாவது என்றால் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும். இன்றைக்குள் நடக்காது.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தெரிந்துவிடும். ஆனால் எஞ்சின் சூடாக இருந்தது. அந்தச் சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். பக்கத்தில், அதன் உபரித் தண்ணீர் நிற்கும் பிளாஸ்டிக் பாட்டிலைப் பார்த்தார். தண்ணீர் கோடு வரைக்கும் நின்றது. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டார். அடுத்த காரின் வயரிங்குக்குள் தலையை விட்டிருந்தார் மைத்துனர். மனைவியின் தம்பி, பட்டறையில் பங்குதாரர்.

"மாப்ள, என் வண்டியில தண்ணி?"

"பாத்தாச்சு மாமா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அப்படியென்றால் அடைப்புதான். ஆச்சு பெருமூச்சு விட்டுக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

மதியம் மனைவி குழந்தைப் போர்வையோடு வந்தபோது, கார் பல் டாக்டரிடம் வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவரைப் போல இருந்தது. டேஷ்போர்டில் காகிதங்கள் வைக்கும் முன்பெட்டி பின் சீட்டில் கிடந்தது. இன்னும் கழற்ற வேண்டிய திருகுகள் எத்தனையோ இருந்தன.

"இது இன்னைக்கு ஆகாது" என்றார் ஆச்சு தரையைப் பார்த்துக்கொண்டு. அந்த மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து மனைவி கேட்டதில்லை. திட்டலாம் என்றுதான் வந்திருந்தார். திட்டத் தோன்றவில்லை.

"சரி விடுங்க. ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க, என்னதான் வருதுன்னு பாக்குறேன்" என்று முன் சீட்டில் உட்கார்ந்தார்.

ஆறிப்போயிருந்த எஞ்சின் உறுமியது. ஆச்சு ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தார். கழற்றிய பெட்டியின் ஓட்டை வழியாக உள்ளேயிருந்து கொடகொடவென்று ஒரு சத்தம்.

"என்னங்க இது, பசிச்ச வயிறு மாதிரி? எங்க கடை இஸ்திரிப் பெட்டியில தண்ணி குறைஞ்சாத்தான் இப்படிக் கொடகொடங்கும்."

"தண்ணி பாத்தாச்சு."

"யாரு பாத்தது?"

ஆச்சு மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் ஆச்சுவைப் பார்த்தார்.

"நீதானே காலையில சொன்ன?"

"நீங்கதானே மாமா போன வாரம் சொன்னீங்க, நம்ம வண்டியில தண்ணி பாத்தாச்சுன்னு? அதைத்தான் சொன்னேன்."

"நான் எப்பப் பாத்தேன்?"

"அதை எங்கிட்டக் கேட்டா?"

அந்த அம்மாள் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "நல்லா இருக்குடா தம்பி. இவர் சொன்னதை நீ சொன்ன. நீ சொன்னதை இவர் நம்பிட்டாரு. நடுவுல தண்ணியை யாருமே எட்டிக்கூடப் பாக்கல."

அந்தச் சொல்லே அப்படித்தான். 'பாத்தாச்சு' என்பதில் நானும் இல்லை, நீயும் இல்லை. ஆளே இல்லாமல் வேலை மட்டும் தானாக முடிந்து நிற்கும். ஆச்சு இத்தனை காலம் அதற்குள்தான் குடியிருந்தார்.

எஞ்சினை அணைத்தார். அதற்குள் அது சூடாகியிருக்கவில்லை. மூடியைத் திறந்து விரலை விட்டார். விரலுக்குத் தண்ணீர் எட்டவில்லை. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. சூட்டில் பாட்டிலுக்குள் போன தண்ணீர் அதனால் திரும்பி வரவேயில்லை. பாட்டில் நிறைந்திருக்க, ரேடியேட்டர் குறைந்துகொண்டே போயிருக்கிறது.

அப்புறம் நடந்ததெல்லாம் சில்லறை வேலை. காரின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் ஏற்றினார்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு மெதுவாகத் தண்ணீர் ஊற்றினார் ஆச்சு. குமிழி குமிழியாகக் காற்று வெளியேறியது. குமிழி நின்றதும் புது மூடியைப் போட்டுவிட்டு இரண்டு குழாய்களையும் பிடித்துப் பார்த்தார். இரண்டும் சுட்டன. கையை எடுக்க மனம் வரவில்லை அவருக்கு.

"மாமா, கை வெந்துரும்" என்றார் மைத்துனர்.

முன்பெட்டியைத் திரும்ப மாட்ட நேரமில்லை. அதை டிக்கியில் போட்டுக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் குழந்தையோடு வெளியே வருவதற்கு முன் நின்றார். "வண்டி சூடா இருக்கா? பாத்தாச்சா?"

ஆச்சு வாயைத் திறந்தார். பின்னாலிருந்து மனைவி தொண்டையைச் செருமினார்.

"நான் பாத்தேன்" என்றார் ஆச்சு. "என் கையாலயே பாத்தேன். நீங்களும் ஒரு தடவை பாத்துருங்க சிஸ்டர்."

நர்ஸ் காருக்குள் கை நீட்டினார். டேஷ்போர்டில் இருந்த பெரிய ஓட்டையைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தாலும், தலையை ஆட்டிக் குழந்தையைக் கொடுத்தார்.

பாதி வழியில் பின் சீட்டிலிருந்து மகள் சொன்னாள்: "அப்பா, இவளுக்கு வேர்க்குது. கொஞ்சம் குறைங்க."

"குறைச்சாச்சும்மா" என்றார் ஆச்சு, சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க.

பக்கத்து சீட்டிலிருந்த மனைவி கையை நீட்டிக் குமிழைத் திருப்பினார்.