மஞ்சள் துணியில் மலையேறிய கறிக்குழம்பு

போன வெள்ளிக்கிழமை போடிக்கும் அங்கிருந்து ஏலத்தோட்டத்துக்கும் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. என் தங்கை செல்வி குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் இருக்கிறாள்; வீட்டுக்காரர் அங்கே கங்காணி. அவளுக்கு நாலாம் மாசம். ஒரு வாரமாகக் கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை. "அக்கா, போடி பாய் கடைக் கறிக்குழம்ப நெனச்சா மட்டுந்தான் எச்சி ஊறுது. கொண்டாக்கா" என்று போனில் அழுதாள். முருகா என்று கிளம்பிவிட்டேன்.

தேனியில் பத்து மணிக்கு பஸ். பதினைந்து கிலோமீட்டர், இருபது ரூபாய். பாய் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் இருக்கிறது. போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கு வருகிற கம்பெனிக்காரர்கள் யாரும் மலை ஏறுவதில்லை. கடையிலிருந்தே பன்னிரண்டு மணி லோடு ஜீப்பில் பார்சல் போகும். நமக்கு அதில் இடம் கிடைக்காது, முழுக்க உர மூட்டை. குழம்பை முன்னால் அனுப்பிவிட்டு நாம் பின்னால் போகவேண்டியதுதான்.

மலைப் பார்சலுக்குச் சீட்டு ஒட்டினால் ஆவியில் நனைந்து எழுத்து அழிந்துவிடுமாம். அதனால் தூக்குவாளியைக் கட்டுகிற துணிதான் அடையாளம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துணி. எஸ்டேட் வாசலில் காவலாளி துணியைப் பார்த்தே கொடுத்துவிடுவார். செல்வி வீட்டுக்கு இன்னும் துணி இல்லை. "புது வீட்டுக்கு இதத்தான் கட்டுறது" என்று கடைப் பெண் ஒரு பழைய லுங்கித் துண்டை நீட்டினாள். அதில் எண்ணெய்ப் பிசுக்கு. பிள்ளைத்தாச்சிக்குப் போகிற சாப்பாடாயிற்றே என்று, கோயிலுக்கு வைத்திருந்த புது மஞ்சள் துணியை எடுத்து நானே இறுக்கிக் கட்டினேன். டிரைவர் அதை மட்டும் முன் சீட்டில், சாமி படத்துக்குக் கீழே வைத்தார். என்ன பொறுப்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வெள்ளிக்கிழமை விரதம். கறிக்கடையில் என்ன சாப்பிடுவது என்று வாசலிலேயே நின்றேன்.

"உள்ள வாங்கத்தா" என்றார் பாய். "வெள்ளிக்கெழம தனி அடுப்பு, தனிக் கரண்டி. பருப்பு, ரசம், அப்பளம். வெரசா ஒக்காருங்க, பன்னெண்டரைக்கு நான் தொழுகைக்குப் போகணும்."

எண்பது ரூபாய். ரசம் அருமை. பார்சல் குழம்பு இருநூற்று அறுபது, ஜீப் கூலி முப்பது.

ஒரு மணி பஸ்ஸில் குரங்கணி, பதினாறு கிலோமீட்டர். அங்கிருந்து ஜீப்பில் ஆளுக்கு நூறு. உடம்பு குலுங்கக் குலுங்கப் போய்ச் சேர மூன்றரை ஆகிவிட்டது. செல்வி கண் குழிந்து, வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"கொழம்பு எங்கக்கா?"

"வரலையா?"

காவலாளியிடம் ஓடினேன். "வீட்டுத் துணி எல்லாம் குடுத்தாச்சே. மஞ்சத் துணி ஒண்ணு வந்துச்சு, அது கோயிலுக்குப் போயிருச்சு" என்றார். மலையில் மஞ்சள் துணி என்றால் சாமிக்கு வந்தது. அங்கே இருப்பது முருகன் கோயில், அதுவும் வெள்ளிக்கிழமை! கோயிலுக்கு விரைந்தேன்; தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு செல்வியும் பின்னால் வந்தாள்.

பூசாரி சிரித்தார். "பதறாதீங்கத்தா. மூடியத் தெறக்காமயே மணந்துருச்சு. அய்யன்கிட்ட கொண்டு போகல. வாசல்ல இருக்குற கருப்பனுக்குப் படைச்சுட்டேன். அவருக்கு வெள்ளி செவ்வா கெடையாது."

"அப்ப வாளியக் குடுங்க, பிள்ளைத்தாச்சிக்கு வந்தது."

"படைச்சாச்சுல்ல, இனி பிரசாதம். பங்கு போடாம எப்படி?"

அதற்குள் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் தட்டோடு வந்துவிட்டார்கள். "கங்காணியம்மா, ஒங்க புண்ணியத்துல இன்னைக்குக் கறி" என்று ஒருத்தி சொல்ல, செல்விக்கு அழுகையும் சிரிப்பும். முதல் கரண்டி அவளுக்கு. சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தோம். குமட்டவில்லை. "இன்னும் கொஞ்சம்" என்று தட்டை நீட்டியபோது வாளியில் ஒரே ஒரு கரண்டிதான் மிச்சம்.

"இது ஒங்க பங்குத்தா" என்று பூசாரி என்னிடம் நீட்டினார். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? விரதத்தை முறிக்கவும் மனம் வராது. கிண்ணத்தில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தங்கை தட்டில் கவிழ்த்தேன். அதுவும் தங்கியது.

நீங்கள் பார்சல் அனுப்புவதாக இருந்தால் பதினொன்றரைக்குள் கடைக்குப் போய்விடுங்கள். கடையில் கொடுக்கிற துணியையே கட்டுங்கள், பிசுக்கைப் பார்க்காதீர்கள்.

நேற்று செல்வி மறுபடி கூப்பிட்டாள். "மஞ்சத் துணியிலயே கட்டுக்கா. அதுதான் வயித்துல தங்குது."

பாய்க்குப் போன் செய்து இரண்டு வாளி சொல்லியிருக்கிறேன். லுங்கித் துணியில் செல்விக்கு ஒன்று. மஞ்சள் துணியில் கருப்பனுக்கு ஒன்று.