கடைசிப் பக்கம் அறைக்குள்ளே இருக்கிறது

எங்கள் தாமான் குடியிருப்பு மண்டபத்துச் சின்ன அறைக்குப் பூட்டுப் போட்டவரே, உங்களைத்தான் சொல்கிறேன்! சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிவிட்டீர்கள். நான் பெர்மாஸ் ஜெயா பாசார் மாலாம் இரவுச் சந்தையில் துணிக்கடை போடுகிறவள். படிப்பு கொஞ்சம், பட்டது நிறைய. அங்கே நாங்கள் சிலர் பிள்ளைகளை வாசிக்க வைப்பது சம்பளமில்லாத தலைவலி. ஆனால் கூட உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, அது இல்லாத சனிக்கிழமை எப்படியிருக்கும் என்றும் தெரியும்.

பேரம்

முதலாம் ஆண்டு படிக்கும் யாஷினி புத்தகத்தைப் பார்த்தாலே உதட்டைப் பிதுக்குவாள். எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்தேன். “ஒரு பக்கம் படி.” “ஒரு வரி.” “அரைப் பக்கம்.” “ரெண்டு வரி. மிச்சம் நீங்க.” கடைக்கு வாங்க வருகிறவர்கள் செய்வதுபோல எழுந்து போகப் பார்த்தேன். அவளும் எழுந்துவிட்டாள்! நான்தான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். மூன்று வரியில் முடிந்தது. படித்து முடித்ததும் சொன்னாள்:

“முதல்லயே மூணு கேட்டிருந்தா, நான் ஒண்ணுதான் படிச்சிருப்பேன் ஆண்டி.”

முதலைக் கதை

ஒரு நாள் முதலைக் கதையைத் தடங்கலே இல்லாமல் படித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாரமெல்லாம் சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வரும் அந்தோணி தம்பியும் எங்களோடு சொல்லிக்கொடுப்பவர். “இங்க வந்து கேளுங்க!” என்று அவரைக் கூப்பிட்டேன். “அக்கா, கத்தாதீங்க லா, இது உங்க கடை இல்ல” என்றபடி வந்தார்.

அந்தப் பெருமையில் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன். படத்தில் முதலை கரையேறிவிட்டது; யாஷினி வாயில் அது இன்னும் ஆற்றிலேயே நீந்துகிறது. பிறகுதான் விளங்கியது: வாரம் ஒருவராக, நாங்கள் எல்லாரும் அதே கதையை அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறோம். அத்தனையும் மனப்பாடம்! முறைத்தேன். அவள் அசரவில்லை.

“நீங்கதான் வேகமாத் திருப்பிட்டீங்க. கதை இன்னும் அங்க போகல.”

பூனை

அதற்குப் பிறகு யாருமே படித்துக் காட்டாத ஒரு புத்தகத்தைத் தேடினேன். யாரோ கொடுத்த பழைய புத்தகம், காணாமல்போன பூனையின் கதை. வரிக்கு அடியில் விரலை வைத்து, நெற்றி வியர்க்க, அவளே படித்தாள். வாரம் கொஞ்சம், பேரம் இல்லாமல். பூனை திரும்பி வந்து வீட்டுக்கு வெளியே நிற்க, கடைசிப் பக்கம் மட்டும் மிச்சமிருந்தபோது, மண்டபத்து வாசலில் அவள் அப்பா ஹாரன் அடித்தார். “நீங்க பாக்கக் கூடாது, நான் படிச்சுத்தான் உங்களுக்குச் சொல்வேன்” என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அடுத்த சனிக்கிழமை கதவில் பூட்டு. புத்தகம் உள்ளே, நாற்காலிகளுக்குப் பின்னால். வருஷக் கடைசியில் அவள் குடும்பம் கெலாங் பாத்தாவுக்கு வீடு மாறுகிறது. போன வாரம் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்தவள், சட்டையைக்கூடப் பார்க்கவில்லை.

“ஆண்டி, பூனை இன்னும் வெளியிலதான் நிக்குதா?”

ஐயா, எதற்கும் பேரம் பேசியே பிழைத்தவள் நான், ஆனால் இதில் பேரமே கிடையாது: அவள் வீடு மாறுவதற்குள் அந்தக் கதவை முழுசாகத் திறந்துவிடுங்கள், நாற்காலிகளை நானே தூக்குகிறேன்.