அம்மா பிளேட்டும் சினிமா பிளேட்டும்

1. கடை வாசலில் வந்த வழக்கு

"யோவ் பாய்! உன் பிளேட்டால எம் பொண்ணு கல்யாணம் நின்னுகினு கீதுய்யா!"

செங்கல்பட்டு கடைத்தெருவில் எங்கள் ரேடியோ செட்டுக் கடை முன்னால் நின்று ஒருவர் இப்படிக் கத்தியபோது, நான் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டு வால்வு மாற்றிக்கொண்டிருந்தேன். பிளேட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டு என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைப்பீர்கள். கிராமபோன் ரெகார்டை அப்போது அப்படித்தான் சொல்வோம். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுகிற திருவிழா என்று எது நடந்தாலும் ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, கொழாய் என்கிற ஒலிபெருக்கி, ஒரு பெட்டி நிறைய பிளேட்டு இவற்றோடு போய், மரத்தில் கொழாயைக் கட்டிப் பாட்டுப் போடுவது எங்கள் தொழில். ஐம்பதுகளில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு ரேடியோ கிடையாது. ஓர் ஊருக்குள் புதுப் பாட்டு நுழைகிறது என்றால் எங்கள் கொழாய் வழியாகத்தான் நுழையும். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

கத்தியவர் படூர் ஏழுமலை. நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். போன ஆடியில் அவர்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு நாங்கள்தான் செட்டுப் போட்டோம்.

எங்கள் முதலாளி ரஹீம் பாய் எதற்கும் பதறுகிற ஆள் இல்லை. "குந்து நைனா. மொதல்ல தண்ணி குடி. என் பிளேட்டு இன்னா பண்ணிச்சு?" என்றார்.

ஏழுமலை சொன்னது இதுதான். அவர் மகள் குமுதாவைப் பெண் பார்க்க மாமல்லபுரத்திலிருந்து வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை சேகர், பஸ் கண்டக்டர். தகப்பன் இல்லாத பிள்ளை, அதனால் தாய்மாமன் தருமலிங்கம் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். மாமன் பஜனை கோஷ்டியில் ஆர்மோனியம் வாசிப்பவர். வந்த இடத்தில் வழக்கப்படி "பொண்ணு ஒரு பாட்டு பாடட்டுமே" என்று கேட்டிருக்கிறார். குமுதாவும் ஊரே பாடிக்கொண்டிருந்த அலைப் பாட்டைப் பாடியிருக்கிறாள்.

"பல்லவி முடியறப்பவே அந்த ஆளு மூஞ்சி சுருங்கிப் போச்சு பாய். 'பொண்ணு மெட்டத் தப்பாப் பாடுது. இம்மாந் தெளிவா ஊரெல்லாம் ஒலிக்கிற பாட்டையே தப்பா வாங்கிக்கினு கீதுன்னா, காது கொஞ்சம் மந்தமோ?' அப்பிடின்னுட்டுப் பூட்டான். எம் பொண்ணு காதுக்கு இன்னாய்யா கொறச்சல்? உன் கொழாயில கேட்டத்தான அது பாடிச்சு? இந்தப் பேச்சு நாலு ஊரு போச்சுன்னா அதை எவன் கட்டுவான்?"

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துபோயிற்று. பாய் என்னைப் பார்த்தார். நான் திருப்புளியைக் கீழே வைத்தேன்.

2. ஒரு பாட்டு, இரண்டு தொண்டை

விஷயம் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அலைப் பாட்டு ஒன்றுதான், பிளேட்டு இரண்டு.

படத்தில் ஓர் ஆண் பாடுவார். கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு, போனவள் திரும்பி வருவாளா என்று அலையைக் கேட்கிற பாட்டு. அது சினிமா பிளேட்டு. பாட்டு நன்றாக ஓட ஆரம்பித்ததும் இன்னொரு கம்பெனி அதே பாட்டை ஒரு பெண்மணியை வைத்துப் பாடவைத்து, குறைந்த விலைக்கு விட்டது. அப்போது இது சகஜம். அதை நாங்கள் அம்மா பிளேட்டு என்போம். பாடியவர் பெயரை யார் பார்த்தார்கள்? ரஹீம் பாய் விலையைத்தான் பார்ப்பார். எங்கள் பெட்டியில் இருந்தது அம்மா பிளேட்டு.

இரண்டையும் நான் பல தடவை கேட்டிருக்கிறேன். ஆண் குரல் நல்ல கனமான குரல். மூச்சு அப்படி நிற்கும். பின்னால் வயலின் கூட்டமே இருக்கும். அம்மா பிளேட்டில் ஒரு ஆர்மோனியம், ஒரு தபலா, ஒரு புல்லாங்குழல், அவ்வளவுதான். அந்த அம்மாளுக்கு மூச்சும் குறைவு. பல்லவியின் கடைசி வார்த்தை 'வருவாயோ'. ஆண் அதை மேலே கொண்டுபோய் நிறுத்தி, கேள்வியாகவே விட்டுவிடுவார். அந்த அம்மாள் அதே வார்த்தையை மெல்லக் கீழே இறக்கிவிடுவாள். வரமாட்டான் என்று தெரிந்துகொண்டே கேட்கிற மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால், அப்போது, சினிமா பிளேட்டுதான் சுத்தமான சரக்கு என்று அடித்துச் சொல்வேன்.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்கே உள்ள ஊர்களுக்கெல்லாம் எங்கள் செட்டு. படூர், சிறுசேரி, திருப்போரூர் எல்லாம் எங்கள் எல்லை. கிழக்கே கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலோர ஊர்களுக்குக் கோவளம் பஷீரின் செட்டு. அவர் பெட்டியில் இருந்தது சினிமா பிளேட்டு. ஆக, கால்வாய்க்கு மேற்கே அத்தனை பேரும் 'வருவாயோ'வைக் கீழே இறக்கினார்கள். கிழக்கே அத்தனை பேரும் மேலே ஏற்றினார்கள். இடையில் கால்வாயைத் தாண்டிப் பெண் கேட்டு வந்த இடத்தில்தான் வினை.

"அப்ப ரெண்டையும் ஒரே எடத்துல போட்டுக் காட்டிட்டாப் போச்சு. அந்த மாமனை வரச் சொல்லு நைனா. நாங்க செட்டோட வர்றோம்" என்றார் ரஹீம் பாய்.

"பாய், சினிமா பிளேட்டு நம்மகிட்ட இல்லியே" என்றேன்.

"அதான் எனக்குத் தெரியுமேடா" என்று பாய் தாடியைத் தடவினார். ஏனென்றால் கோவளம் பஷீர் அவருடைய சொந்த மச்சான், மனைவியின் தம்பி. ஊர் எல்லை பிரித்த தகராறில் இருவருக்கும் பேச்சு வார்த்தை அறுந்து கிடந்தது.

3. கோவளத்துக்குத் தூது

பேச்சில்லாத மச்சானிடம் நான்தான் தூது போனேன். பஷீர் கடை வாசலில் கொழாய்க்கு அலுமினியப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க மொதலாளி அனுப்சாரா? அவருக்கு வாய் இல்லியா?"

"கீது அண்ணாத்த. ஆனா இது அவருக்காக இல்ல. ஒரு பொண்ணு வாழ்க்கை" என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் பிரஷைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "அதான் அப்பவே சொன்னேன், மலிவுக்கு ஆசப்படாதீங்க மச்சான்னு. இப்ப ஊரையே தப்பாப் பாட வெச்சிட்டாரு பாரு!" அதோடு சரி, இளகிவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. பிளேட்டை யார் கையிலும் தரமாட்டார். அவரே கொண்டுவருவார், அவரே ஊசி வைப்பார், அவரே எடுப்பார். "என் பிளேட்டு மேல அவரோட தேஞ்ச ஊசி படக்கூடாது. சொல்லிட்டேன்."

சொன்னபடியே வந்தார். புதுப்பெண்ணை அழைத்து வருகிற மாதிரி, பட்டுத் துணியில் சுற்றிய பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். மச்சான்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே சலாம் சொல்லிக்கொண்டார்கள்.

4. படூர் வேப்பமரம்

வீட்டுக்குள் சின்னப் பெட்டியில் மட்டும் போட்டுக் காட்டலாம் என்பது பாயின் எண்ணம். ஏழுமலை ஒப்பவில்லை. "காது மந்தம்னு நாலு பேரு முன்னால சொன்னாங்க. ஊரு பூரா கேக்கட்டும்" என்றார். ஆகவே அவர் வீட்டு வாசல் வேப்பமரத்தில் கொழாய் ஏறியது. செட்டைப் பார்த்ததும் ஊர் திரண்டுவிட்டது. நல்ல மதிய வெயிலில், சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது குமுதா மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணாத்த, நான் பாடினது சரிதானே?"

"சரிதாம்மா. அந்தப் பிளேட்டு அப்பிடித்தான். இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"எனக்கு இந்த மாப்ள இல்லாட்டி வேற மாப்ள கெடைக்கும். செவுடின்னு பேரு வந்துச்சுன்னா அது போவாதே" என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. ஒன்றும் ஆகாது, என்னை நம்பு என்று பெரிய மனிதன் மாதிரி சொல்லிவைத்தேன்.

மாமல்லபுரத்து ஆட்கள் வந்தார்கள். மாமன் தருமலிங்கம் நெற்றி நிறையத் திருநீறு, தோளில் ஜரிகைத் துண்டு. சேகர் காக்கிச் சட்டையோடே வந்திருந்தான். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான்.

முதலில் அம்மா பிளேட்டு. புது ஊசி மாட்டி, சாவியை முழுக்கக் கொடுத்து, நானே வைத்தேன். பல்லவி வந்தது. ஊர் முழுக்க அதோடு சேர்ந்து பாடியது. 'வருவாயோ' வந்ததும் கிழவர் முதல் கைப்பிள்ளைக்காரி வரை அத்தனை பேரும் சேர்ந்து இறக்கினார்கள். ஏழுமலை மாமனைப் பார்த்து, "பாத்தீங்களா சம்மந்தி? எம் பொண்ணு கேட்டது இதான்" என்றார். மாமன் தலையை லேசாக ஆட்டினார். ஆயிற்று, காரியம் பழம் என்று நினைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கே நிறுத்துவது? பஷீர் கோவளத்திலிருந்து சுமந்து வந்திருக்கிறாரே! அவர் பட்டுத் துணியை விரித்து, பிளேட்டைத் துடைத்து, பிஸ்மி சொல்லி ஊசியை வைத்தார். கனமான ஆண் குரல் வேப்பமரத்திலிருந்து இறங்கியது. ஊர் வாய் பிளந்து கேட்டது. 'வருவாயோ' மேலே ஏறியது.

ஊரே கொல்லென்று சிரித்தது.

"இன்னாய்யா இது, இந்தாளு தப்பாப் பாட்றான்!"

"சளி புடிச்சிகினு கீதுபோல! எறக்கத் தெரில!"

"எங்க குமுதாவக் கூப்டு, கத்துக் குடுப்பா!"

பஷீருக்கு முகம் சிவந்துவிட்டது. மாமன் எழுந்தே விட்டார். "சினிமாவுல பாடினவரே தப்பா? அவரு யாரு, எப்பேர்ப்பட்ட வித்வான்! பொண்ணுக்குத்தான் காது மந்தம்னு நெனச்சேன். இங்க ஊருக்கே மந்தம். கெளம்புடா சேகரு!"

தீர்த்துவைக்க வந்த வழக்கை நாங்களே கொளுத்திவிட்டோம். ஏழுமலை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பாய் ஓடிப்போய் மாமனின் கையைப் பிடித்தார். "கோச்சிக்காதீங்க. பட்டிக்காட்டு ஜனங்க. ரெண்டு பிளேட்டும் சரிதான்."

"ரெண்டும் எப்பிடிய்யா சரியாவும்? ஒரு பாட்டுக்கு ஒரு மெட்டுதான். எங்க வூட்டுப் புள்ளைங்க எல்லாம் சுத்தமாப் பாடும். டேய் சேகரு, இந்த ஜனங்களுக்கு ஒரு தபா பாடிக் காட்டுடா! கேட்டாவது திருந்தட்டும்."

சேகர் நெளிந்தான். "வேணாம் மாமா."

"பாடுறான்னா!"

நான் மைக்கை அவன் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். எந்த நேரத்தில் வைத்தேனோ! நாள் முழுக்க "ரைட், ரைட்" என்று கத்துகிற தொண்டை. ஆரம்பமே கரகரத்தது. சுதி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். மாமன் விரலால் காற்றில் தாளம் போட்டார். 'வருவாயோ' வந்தது.

இறக்கிவிட்டான். மெதுவாக, அழகாக, அம்மா பிளேட்டில் உள்ளது போலவே.

மாமனின் விரல் அப்படியே நின்றது. "டேய்! இதை எங்கடா கத்துகினே? நம்ம ஊர்ல எவனும் இப்பிடிப் பாட மாட்டானே?"

சேகர் கண்ணைத் திறந்தான். மைக் முன்னால் இருப்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. "இங்கதான் மாமா. அன்னிக்கு அந்தப் பொண்ணு பாடறப்ப கேட்டேன். அப்புறம் வேற மாதிரி பாட வரவே மாட்டேங்குது" என்றான். வேப்பமரத்துக் கொழாய் அதை அப்படியே ஊருக்கெல்லாம் சொன்னது.

யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பஷீர் ரஹீம் பாயின் தோளைத் தட்டி, "மச்சான், கேட்டீங்களா?" என்றார். அவர்கள் பேச்சு அங்கேதான் ஒட்டியது. மாமன் ஜரிகைத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பெஞ்சில் திரும்ப உட்கார்ந்தார்.

"காது மந்தம்னு சொன்னது தப்புதான். எல்லாரும் கேட்டுக்குங்க, நான் சொன்னது தப்பு" என்றார். அதையும் மைக்கில்தான் சொன்னார், நான் அணைக்கவில்லை.

வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து குமுதாவின் குரல் வந்தது. "நைனா, அவருக்கு மெட்டு வந்திடுச்சு, சுதிதான் சேரல. பரவால்ல, சொல்லிக் குடுத்துக்கலாம்."

ஏழுமலை அழுதுகொண்டே சிரித்தார். தாம்பூலம் அன்றைக்கே மாறியது.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரே பாட்டை நாலு பேர் பாடிவைத்திருப்பார்கள். எது உசத்தி என்று ஜனங்கள் செட்டுக்காரனைக் கேட்பார்கள். மூச்சு இங்கே நிற்கிறது, மெட்டு இங்கே இறங்குகிறது என்று தெரிந்ததைச் சொல்லுங்கள், தப்பில்லை. தீர்ப்பு மட்டும் சொல்லாதீர்கள். படூரில் நான் உசத்தி என்று நம்பிய பிளேட்டு ஒரு கல்யாணத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. சுதியே சேராத ஒரு கண்டக்டர் பாடித்தான் அது நடந்தது.