பிஸ்கட் டின்னில் சேறு

“…அதுக்குத்தான் சொல்றேன், சேறு ஒட்டாத பூட்ஸ் போட்டவன் எழுதுன காகிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீ நேத்து லம்பத்துக்குள்ள இறங்கவே இல்ல” என்றார் துரை.

மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற இன்ஸ்பெக்டர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். பூட்ஸ் கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அதுதான் அவர் செய்த குற்றம்.

லம்பம் என்றால் எங்கள் பக்கத்துப் பேச்சில் ஈயச் சுரங்கம். துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம ஆள்தான். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு வெள்ளைக்காரர் கப்பலேறினார். சுரங்கப் பாதுகாப்பைப் பார்க்கும் இன்ஸ்பெக்டர்களை மேய்க்கிற நாற்காலியில் இவர் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த அன்றே, “ஐயா கிய்யா எல்லாம் வேணாம், துரைன்னே கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டார். “வெள்ளக்காரன் போய்ட்டான், தொப்பிய மறந்து வச்சிட்டுப் போய்ட்டான்” என்பார் எங்கள் ஆபீஸைப் பெருக்கும் அம்மா. இத்தனை வருஷம் யோசித்தும் அதைவிடச் சுருக்கமாக அந்த மனிதரைச் சொல்ல எனக்கு வரவில்லை.

பண்டார் ஹிலிரில் ஆபீஸ். நான் அங்கே டிரைவர். லம்பத்துக்குள் இறங்கி ஆளுக்கு ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பது இன்ஸ்பெக்டர்களின் வேலை. அவர்கள் உண்மையில் இறங்கினார்களா, சரியாகப் பார்த்தார்களா என்று பார்ப்பது துரையின் வேலை. அதற்கு அவரும் ஒரு தடவையாவது லம்பத்துப் பக்கம் போயிருக்க வேண்டும். போனதில்லை. அவர் கண்டுபிடித்த வழி பூட்ஸ். தினமும் காலையில் இன்ஸ்பெக்டர்கள் மூவரும் அவர் முன்னால் காலைத் தூக்கிக் காட்ட வேண்டும், லாடம் அடிக்க வந்த மாடு மாதிரி. வெள்ளைச் சேறு ஒட்டியிருந்தால் நேற்று வேலை பார்த்தவன். ஒட்டாவிட்டால் ஊர் சுற்றியவன்.

மூவரில் இரண்டு பேர் ஒரே வாரத்தில் துரையை அளந்துவிட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே, பழைய விளக்குமாறுகளுக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் டின் வந்து சேர்ந்தது. அதற்குள் லம்பத்துச் சேறும் ஒரு பழைய சவரப் பிரஷும். பகல் முழுக்கக் காப்பிக்கடையில் காலாட்டிவிட்டு, காலையில் வந்து பூட்ஸில் இரண்டு இழுப்பு. துரை தலையாட்டுவார். அந்தச் சேற்றை அள்ளிக் கொடுத்தது யார் என்று கேட்பீர்கள். நான்தான். ஒரு காப்பிக்காக. அவர்களைக் காறித் துப்பும்போது என் மேலும் கொஞ்சம் தெறிக்கத்தான் செய்யும்.

மூன்றாமவர்தான் இப்போது மேசை முன்னால் நிற்பவர். காஜா பெராங்கில் என் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி, கம்போங் செட்டிக்காரர். அந்தக் காலத்தில் கப்பலில் வந்து மலாய்ப் பெண்களைக் கட்டிய தமிழ் வியாபாரிகளின் வம்சம். அவருக்குத் தமிழ் வராது, சாமி பேரும் சொந்தமுறையும் தவிர எல்லாம் மலாய்தான். அவர் பேச்சை நான் தமிழாக்கியே எழுதுகிறேன், ‘துவான்’ மட்டும் அப்படியே; மலாயில் துரை. லம்பத்து மண்ணோடு அவர் வீட்டு வாசல் மிதிக்க முடியாது. அதிலும் அப்போது கோயில் விரதம். சந்துக் குழாயில் பூட்ஸைக் கழுவி, வேலிக் கம்பில் தலைகீழாகக் கவிழ்த்த பிறகுதான் அவர் மனைவி கதவையே திறப்பார். சந்தில் போகிற வருகிற எல்லோரும் பார்த்த பூட்ஸ் அது. ஆபீஸில் அதற்குச் சாட்சி இல்லை.

அன்றைக்கு அவர் நீட்டிய காகிதம் ஜாசின் சாலைப் பக்கத்து லம்பம் ஒன்றை உடனே நிறுத்தச் சொல்வது. அங்கே மண் சுவரைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைப்பார்கள். படிக்கட்டு மாதிரி வெட்டி இறக்க வேண்டும் என்பது சட்டம். அடியை மட்டும் கரைத்தால் மேல் மண் தானாக விழும், வேலை சீக்கிரம் முடியும் என்பது முதலாளியின் கணக்கு. அடி கரைந்து, மேலே விரிசல் விட்டிருந்தது.

“துவான், விரிசலுக்கு ரெண்டு பக்கமும் முளை அடிச்சு, பட்டம் விடுற நூலை இறுக்கிக் கட்டிட்டு வந்திருக்கேன். விரிசல் நகர்ந்தா நூல் அறுந்திருக்கும். நம்பலேன்னா வாங்க, போய்ப் பார்ப்போம்.”

“மத்த ரெண்டு பேரும் போன வாரம் பாத்துட்டு, சுவர் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க. அவங்க பூட்ஸ நான் கண்ணால பாத்தேன். இத்தன நாளு விழாத சுவரு இன்னைக்கா விழப்போவுது?”

“தண்ணி அமைதியா இருக்கேன்னு முதலை இல்லேன்னு நினைக்காதீங்க, துவான்.”

“முதலைக்கு வேற டிபார்ட்மெண்ட்” என்றார் துரை. ஜன்னலோரம் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. அதே லம்பத்தில், அதே சுவருக்குக் கீழே, மரத்தட்டில் ஈயம் அரிக்கிற ஒரு தமிழ்க்காரம்மா. நான் சேறு அள்ளும்போதெல்லாம் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கில் ஒரு துண்டு தருவார். “என்னா டிரைவரே, மறுபடியும் சேறா? ஒங்க ஆபீஸ்ல எருமை கிருமை வளக்குறாங்களா?” என்பார்.

மாடிப்படிக்குக் கீழே போய் டின்னை எடுத்து வந்து துரையின் மேசையில் வைத்தேன்.

“துரை, நீங்க கண்ணால பாத்த சேறு இதுதான். அள்ளிட்டு வந்தவன் நான்.”

சிரித்தவர்கள் பல்லியைத் தேடுகிற மாதிரி கூரையைப் பார்த்தார்கள். துரைக்குக் கோபம் வரவில்லை, வேர்த்தது. மறுநாள் கோலாலம்பூரிலிருந்து அவருக்கும் மேலான அதிகாரி வருகிறார். சுவரும் ஆளும் அவர் கணக்கில் இல்லை. டின்தான் பயமுறுத்தியது.

“வண்டிய எடு. நாளைக்கு அவரு கேட்டா, நானும் லம்பத்துக்குப் போனேன்னு இருக்கணும். இந்தச் சனியனையும் வண்டியில போடு. ஆபீஸ்ல இருக்கக் கூடாது” என்றார்.

லம்பத்தில் துரை காரை விட்டு இறங்கி, செம்மண் சாலையிலேயே கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார். செட்டிக்காரரும் நானும் முளை அடித்த இடத்துக்கு நடந்தோம். நூல் அறுந்து இரண்டு முளையிலும் தனித்தனியாகத் தொங்கியது. விரிசலுக்குள் என் உள்ளங்கை நுழைந்தது. கீழே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கை ஆட்டினார். செட்டிக்காரர் மேஸ்திரியிடம் ஓடினார். “காகிதம் எங்கே?” என்றான் மேஸ்திரி. நான் காருக்கு ஓடினேன்.

“நூல் அறுந்து கெடக்கு, துரை!”

“எலி கடிச்சிருக்கும்.”

“அப்ப விரிசலையும் எலிதான் கடிச்சு அகலமாக்குச்சா? சுவரு விழுந்தா, நாளைக்கு வர்றவரு மொதல்ல கேக்குறது ஒங்க கையெழுத்தத்தான்.”

நாற்காலிக்கு ஆபத்து என்றால் சிலருக்குக் காது உடனே திறந்துவிடும். காரின் முன்மூடியில் காகிதத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவையும் என்னிடம்தான் வாங்கினார்.

தண்ணீர் நின்றது. ஒவ்வொருவராக முணுமுணுத்துக்கொண்டு மேலேறினார்கள். ஒரு நாள் கூலி போகிற கோபம் அவர்களுக்கு. கடைசியாக அந்த அம்மா. “தட்ட கீழேயே வச்சிட்டேன், போய் எடுத்துட்டு வந்துர்றேன்” என்றவரைச் செட்டிக்காரர் குறுக்கே கைநீட்டி நிறுத்தினார். ஆளுக்கொரு குவளைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள், பெரிய சத்தம்கூட இல்லாமல், சுவர் அப்படியே உட்கார்ந்தது. சற்று முன் அவர்கள் நின்ற இடம் முழுக்க மண். அந்த அம்மா கீழே எட்டிப் பார்த்தார்: “தட்டு போச்சு. தலை இருக்கு.”

செட்டிக்காரர் பம்புக் குழாயடியில் போய் உட்கார்ந்து, வழக்கம்போல் பூட்ஸைக் கழற்றிக் கழுவ ஆரம்பித்தார்.

துரை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். பாலிஷ் மின்னியது. பத்தடி இறங்கினால் போதும், ஒரு நாட்டுக்கே பூசுகிற அளவுக்குச் சேறு கிடந்தது.

“நாளைக்குப் பெரியவர் வர்றாரு…” என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. “அந்த டின்னு வண்டியிலதான இருக்கு?”

எடுத்துக் கொடுத்தேன். காரின் பம்பரில் ஒரு காலைத் தூக்கி வைத்து, சவரப் பிரஷைச் சேற்றில் முக்கி, தன் பூட்ஸுக்குப் பூச ஆரம்பித்தார்.