பித்தளை விளக்குக்காக விழுந்த அறை

சம்பா அறுவடை நடந்த தை மாதம் அது. என் தங்கை வீட்டுப் பித்தளை மேசை விளக்கின் எர்த் வயரான பச்சையை மாப்பிள்ளை வெட்டிவிட்டு, மற்ற இரண்டையும் தீக்குச்சி வைத்துப் பிளக் பாயிண்டில் சொருகியிருந்தார். ஃபேன் பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் எதையும் மெயினை அணைத்த பிறகே தொடும் ஒல்லி மனிதர். மெயினை அணைத்ததும் அந்த விளக்கு வயரைப் பிடுங்கி எறிந்தார்.

"லைட்டு எரியுதுல்ல, விடுய்யா!" என்று மாப்பிள்ளை மறுபடி சொருகப் போனார். அவர் கன்னத்தில் எலெக்ட்ரீஷியனின் அறை விழுந்தது.

"பித்தளைங்க! எர்த் இல்லாம அதுல கரண்டு பாஞ்சா, ஈரக்கையோட தொடுற உங்க வீட்டம்மா என்ன ஆவாங்க?"

மாப்பிள்ளை அவர் மூக்கில் குத்தினார். "போலீசுக்குப் போறேன்டா!"

"போங்க. இதை மாட்டிட்டு நானும் வர்றேன்."

ரத்தம் வழிய வழியப் புது வயரை மூன்று பின் பிளக்கில் முடுக்கினார், பச்சையைப் பெரிய பின்னில். இழுத்துப் பார்த்தார். பிளக்கைச் சொருகி, மெயினைப் போட்டு டெஸ்டரைப் பித்தளையில் வைத்தார், டெஸ்டர் எரியவில்லை.

"இப்பத் தொடுங்கம்மா" என்றார் தங்கையிடம்.

இப்படித் தொட்டு யாரோ செத்ததை அவர் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது; மூக்கைத் துடைக்க ஒரு துணியை அவரிடம் நீட்டினேன்.