மாலை போட்ட ஹார்ட் டிஸ்க்கும் செல்வநாதன் சாரும்

செல்வநாதன் சார் போய்விட்டார். இன்று காலை, மம்பாவ் ஊரில், தன் வீட்டுக் கட்டிலில்... வலியில்லாமல்.

செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். கடைசி மாதங்களில் அவரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பெடாஸ் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் நான் தமிழும் அவர் கணிதமும் எடுத்தோம். கம்ப்யூட்டர் லேப்பும் அவர் பொறுப்புதான்.

அப்போது லேப் முழுவதற்கும் ஒரே இன்டர்நெட் லைன்... ஆமை வேகம். ஒரு பிள்ளை திறந்த பக்கத்தின் நகலை வைத்திருந்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க, ஒரு பழைய கம்ப்யூட்டரை ப்ராக்ஸியாக மாற்றி வைத்திருந்தார் சார்.

பெற்றோர் சங்கத் தலைவர் அதற்குப் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம், குங்குமம், சின்னதாக ஒரு மாலை. "முழுசா யூஸ் பண்ணுங்க சார். பாதியில விட்றாதீங்க லா" என்றார் தலைவர்.

பூஜை போட்ட பொருள்... சாரும் தட்டமுடியாமல் டிஸ்க் முழுவதையும் நகல்களுக்கே ஒதுக்கினார்.

முதலில் லேப் பறந்தது. டிஸ்க் நிரம்ப நிரம்ப, லைன் மட்டும் இருந்த காலத்தைவிட மோசமாகிவிட்டது.

ஏன் என்று கேட்கிறவர்களுக்கு என் வழக்கப்படி ஓர் உதாரணம். நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டை எழுதி மேசையில் அடுக்குகிறீர்கள். புத்தகம் கூடினால் அட்டையும் கூடும். ஒரு நாள் மேசை முழுக்க அட்டை, எழுத இடமில்லை; அட்டைகளைத் தரையில் இறக்கி ஏற்றவே நேரம் போய்விடும். அலமாரிதான் டிஸ்க், மேசைதான் மெமரி.

சார் டிஸ்க்கில் நகல்களுக்கான இடத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தார். மெமரியில் நகல்களுக்கு ஒதுக்கியதையும் கொஞ்சம் குறைத்தார். ஒன்றை மாற்றுவார், ஒரு நாள் முழுக்கப் பார்ப்பார், பிறகுதான் அடுத்தது. லேப் மறுபடி வேகமாக ஓடியது.

தலைவர் முகம் வாடிவிட்டது. "மிச்ச இடம் சும்மா கெடக்குதே சார்."

"சும்மா கெடக்கல தலைவரே. மெஷின் மூச்சு விடுது."

"அப்ப சின்ன டிஸ்க்கே வாங்கிருப்பேனே."

"மாலையோட வந்து நின்னீங்க. நான் என்னத்த சொல்றது?"

ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்...

புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, ஆஸ்பத்திரி போதும், வீட்டுக்குப் போகிறேன் என்று வந்துவிட்டார். மகள் கவிதா மெல்பர்னில். அவளுக்கு லீவு கிடைக்கத் தாமதம். மருந்தைக் கூட்டினால் தூங்கிவிடுவார், குறைத்தால் வலி. மகளிடம் தெளிவாகப் பேசவேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு.

போன வாரம் நான் போயிருந்தபோது, வீட்டுக்கு வரும் நர்ஸிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சமா ஏத்துங்க மிஸி. நாளைக்கு வரைக்கும் பாத்துட்டு அப்புறம் ஏத்தலாம். மக வர்றப்ப நான் கொறட்ட விட்டுக்கிட்டு இருக்கக்கூடாது."

"வலிச்சா சொல்லணும் சார். வாத்தியார் கணக்கா முறைச்சிக்கிட்டே படுத்திருக்கக்கூடாது."

அவர் மனைவி புனிதா அடுப்படியில் இருந்தே, "நல்லா சொல்லுங்க மிஸி, நான் சொன்னா கேக்கமாட்டாரு" என்றார்.

சனிக்கிழமை கவிதா வந்தாள். என்னப்பா இப்படி இளைச்சிட்டீங்க என்று அவள் அழ, முடியை ஏன் இப்படிக் கத்தரிச்சே என்று இவர் கேட்டாராம். சாயங்காலம் வரை பேசியிருக்கிறார்கள்... என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை நர்ஸ் வந்ததும், "இப்ப ஏத்துங்க மிஸி" என்றிருக்கிறார். அன்றும் நேற்றும் கஞ்சி குடித்தார், நன்றாகத் தூங்கினார். இன்று எழுந்திருக்கவில்லை.

பழைய மாணவர்கள் சாரைக் கடைசியாகப் பார்க்க நாளை மதியத்துக்குள் மம்பாவ் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

போய் வாங்க சார். கவிதா தன் அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள்.